அட்டை மேகம்

எங்கள் கம்பெனியில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'தொட்டில்'. அவர் ஓட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் கண் செருகிவிடும். குழியில் இறங்கி ஏறுவதும் தெரியாது, பிரேக் போடுவதும் தெரியாது. நாங்கள் லிஃப்ட் பழுதுபார்க்கிற கம்பெனி. நாள் முழுக்க உயரமான கட்டடங்களில் ஏறி இறங்கிக் களைத்துப்போன மெக்கானிக்குகள் என்னிடம் வந்து, "தொட்டில் வண்டி இருந்தா குடும்மா, இல்லன்னா நான் பஸ்லயே போயிக்கறேன்" என்று நிற்பார்கள். நான் வாகனப் பிரிவில் எழுத்தர். பன்னிரண்டு வண்டிக்கும் பதினான்கு டிரைவர்களுக்கும் நடுவில் நான் ஒருத்தி. ஆனால் வாய் பதினைந்து பேருக்கானது.

நான் சொல்லப்போகிறது நடந்தபோது தொட்டிலண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தோரு வருடமாக ஸ்டீயரிங் பிடித்தவர். மெலிந்த ஆள், எப்போதும் தோளில் ஒரு மஞ்சள் துணி, வண்டி நின்றால் அந்தத் துணி கண்ணாடி மேல் ஏறிவிடும். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. வண்டி நின்றால் இஞ்சின் நிற்க வேண்டும். சிக்னலில் எண் இருபதுக்கு மேல் காட்டினால் சாவியைத் திருப்பிவிடுவார். ரயில் கேட்டில் முதலில் அணைவது அவர் வண்டிதான். அங்கே நிற்கிற மற்ற டிரைவர்களிடமும் இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டி, "நிக்கற வண்டிக்கு எதுக்குப்பா சாப்பாடு?" என்று கேட்டுவிட்டு வருவார். சிலர் சிரிப்பார்கள், சிலர் திட்டுவார்கள். ஆனால் அணைத்துவிடுவார்கள்.

இது எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்றால், என் பெண் பிறந்த அன்று நான் அவர் வண்டியில்தான் இருந்தேன். மேஜையிலேயே வலி எடுத்துவிட்டது. என் கணவர் ஊரில் இல்லை. தொட்டிலண்ணன் என்னைப் பின்சீட்டில் சாய்த்து அழைத்துப் போனார். பாதி வழியில் ரயில் கேட் மூடிக்கிடந்தது. மனுஷர் அங்கேயும் சாவியைத் திருப்பினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்து, "கேட் தொறக்க நாலு நிமிஷம் ஆகும்மா. இந்த உறுமல் இல்லாம கொஞ்சம் மூச்சு விடு" என்றார். இஞ்சின் அடங்கியதும் வண்டிக்குள் ஒரு அமைதி வந்தது. அந்த நாலு நிமிடம் நான் என் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். வலி கொஞ்சம் வழிக்கு வந்தது. இதை மறந்துவிட்டுத்தான் பிறகு நான் செய்ததையெல்லாம் செய்தேன்.

என் பெண் மூன்றாம் வகுப்புக்குப் போன வருடம் பழைய வண்டிகளையெல்லாம் கழித்துவிட்டுப் புதிது வாங்கினார்கள். திருப்புகிற சாவி கிடையாது; சட்டைப் பையில் ஒரு சாவிக்கருவி, வண்டியில் ஒரு பட்டன். அமுக்கினால் கிளம்பும், அமுக்கினால் நிற்கும். ஒவ்வொரு வண்டியிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி வேறு. வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, நின்றபடி எத்தனை நிமிடம் இஞ்சின் ஓடியது என்று தினமும் காலையில் என் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். தொட்டிலண்ணன் புது வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "என்னம்மா இது, சத்தமே இல்ல. பூ மாதிரி இருக்கு" என்றார். வாசலில் அதே மாதிரி வண்டி ஒன்று கடகடவென்று உறுமிக்கொண்டிருந்தது. டீசல் வண்டி பின்னே எப்படி இருக்கும்? நான் அவர் வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

மேலாளர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, நின்ற வண்டியில் வீணாகிற டீசலைக் குறைக்க வழி சொல் என்றார். கேட்டவுடனே எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடத்தில் என்னிடம் யோசனை கேட்ட முதல் மேலாளர் அவர். அன்று மத்தியானமே பிரிண்டர் காகிதம் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு மேகம் செய்தேன். சாம்பல் நிறம் பூசி, நடுவில் 'இந்த வார ஊதாரி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, மேலே ஓட்டை போட்டுக் கயிறு கட்டினேன். ஒவ்வொரு திங்களும் பட்டியலில் யார் வண்டி அதிக நேரம் சும்மா ஓடியிருக்கிறதோ, அவர் வண்டியின் முன்கண்ணாடியில் அந்த மேகம் வாரம் முழுக்கத் தொங்க வேண்டும். மேலாளர் கைதட்டினார். நான் பெரிய மூளைக்காரி என்று வீட்டில் போய் இரண்டு நாள் பீற்றிக்கொண்டேன்.

மேகம் வேலை செய்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏசி போட்டுக்கொண்டு தூங்கியவர்களெல்லாம் மரத்தடி தேடிப் போனார்கள். முதல் வாரம் மேகம் வாங்கிய மீசைக்காரர் மறுவாரமே பட்டியலில் கடைசிக்கு இறங்கிவிட்டார். மீசைக்காரர் என்றால் எங்கள் டிரைவர்களில் இரண்டாவது மூத்தவர், முன்கோபி. மானப் பிரச்சினை என்று வந்துவிட்டால் மனிதன் எதையும் விட்டுவிடுவான் என்று நான் அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாவது திங்கள் பட்டியலின் உச்சியில் தொட்டிலண்ணன் வண்டி இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, இரண்டாவது ஆளைவிட நாலு மடங்கு. நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். பிறகு எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி தட்டிப் புத்தி சொன்ன மனுஷர் இவர்தானா என்று.

டிரைவர்கள் எல்லோரும் கூடியிருந்தபோது மேகத்தை அவரிடம் நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் அணைச்சிட்டேம்மா. எப்பவும் அணைச்சிடுவேனே."

"மெஷின் பொய் சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?"

அவர் பதிலுக்குச் சிரித்தார். "சரிம்மா" என்றார். நான் கேட்ட கேள்விக்கும் அந்தச் சிரிப்புக்கும் பொருத்தமே இல்லை. என்னைக் கேலி பண்ணுகிறார் என்று எனக்குப் பட்டது. மற்ற டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர்கூடக் கைதட்டவில்லை, கிண்டல் பண்ணவில்லை. மீசைக்காரர் மட்டும் என்னவோ சொல்ல வாயெடுத்தார், பிறகு மூடிக்கொண்டார். தங்களுக்குள் ஒற்றுமையாக இருக்கிறார்களாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமும் அவரே. அதற்கடுத்த வாரமும் அவரே. ஒவ்வொரு தடவையும் "நான் அணைச்சிட்டேம்மா, மெஷின்ல என்னமோ தப்பு" என்பார். மெஷின் கம்பெனிக்காரனை வரவழைத்துச் சோதித்தும் பார்த்துவிட்டேன். கருவியில் ஒரு குறையும் இல்லை. மேலாளர் என்னிடம், "வயசானவர்னு நீங்க விட்டுக்குடுக்கறீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், இவரைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று.

அதற்கு வாய்ப்பு அந்த வியாழக்கிழமையே வந்தது. வண்டிகளின் காகிதங்களைப் புதுப்பிக்க அரசு அலுவலகம் ஒன்றுக்கு நான் போக வேண்டியிருந்தது. வேண்டுமென்றே தொட்டிலண்ணன் வண்டியைப் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் அவர் முகம் எப்போதும்போல் சாந்தமாகத்தான் இருந்தது. கண்ணாடியில் என் அட்டை மேகம் ஆடிக்கொண்டிருந்தது. அதன் ஓரம் மடங்கிப்போயிருந்ததைச் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார். அவமானச் சின்னத்தைக்கூடப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிற மனுஷர்.

என்னை வாசலில் இறக்கிவிட்டு எதிரே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். இருபது நிமிடம் கழித்து நான் காகிதங்களோடு வெளியே வந்தேன். வந்தால், அவர் இறங்கி நின்று மஞ்சள் துணியால் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கிறார், வண்டி உறுமிக்கொண்டிருக்கிறது. அது போதாதென்று, இஞ்சின் ஓடும்போது சாவிக்கருவியோடு ஆள் இறங்கிவிட்டால் அந்த வண்டி 'பீப் பீப்' என்று கத்தும். அதுவும் கத்திக்கொண்டிருக்கிறது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். இவர் பாட்டுக்கு வாயைக் குவித்துக் கண்ணாடியில் ஊதித் துடைக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்ன நெஞ்சழுத்தம்! போனை எடுத்து ஒரு நிமிடம் படம் பிடித்தேன். அங்கேயே நின்றபடி டிரைவர்கள் குழுவுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: 'நிக்கற வண்டிக்கு எதுக்குப்பா சாப்பாடு?'

மேலாளரும் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

திரும்பி வருவதற்கு வண்டியில் ஏறினோம். ஏறியதும் அவர் பட்டனை அமுக்கினார், இஞ்சின் நின்றுவிட்டது. கொஞ்சம் யோசித்து மறுபடி அமுக்கினார், கிளம்பியது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கோபத்தில் மண்டையில் ஏறவில்லை. அரைமணி நேரம் கழித்தும் குழுவில் ஒரு பதிலும் இல்லை. சாதாரணமாக ஒரு வாழைப்பழத் தோலைப் படம் பிடித்துப் போட்டால்கூடப் பதினான்கு பேரும் பல்லைக் காட்டுகிற குழு அது. பார்த்துவிட்டார்கள் என்று மட்டும் காட்டியது.

சாயங்காலம் நான் கிளம்பும்போது மீசைக்காரர் வண்டிக் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். வழியை மறித்த மாதிரி நின்றார்.

"அந்தப் பீப் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா மேடம்?"

"கேக்காம? தெருவுக்கே கேட்டுச்சு."

"அவருக்குக் கேக்கல."

எனக்குப் புரியவில்லை. அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஒரு வருஷமா அவருக்குக் காது போய்க்கிட்டிருக்கு. பட்டன ஒரு தடவ அமுக்குறாரு, இஞ்சின் நின்னுடுது. நின்னுச்சா இல்லையான்னு அவருக்குத் தெரியல. நிக்கலையோன்னு பயந்துக்கிட்டு மறுபடியும் அமுக்குறாரு. கால் கிளட்ச்லயே இருக்கு. ஓட ஆரம்பிச்சுடுது. அணைச்சாச்சுன்னு நிம்மதியா எறங்கிடுறாரு. அணைக்கணும்ங்கற அக்கறைல தான் மேடம் ரெண்டாவது தடவ அமுக்குறாரு. அந்த அக்கறை இல்லாதவனுக்கு இந்தத் தப்பு வராது."

"மீட்டர் முள்ளப் பாத்தா தெரியுமே" என்றேன். எனக்கே என் குரல் கேவலமாக இருந்தது.

"முப்பது வருஷம் காதாலயே வண்டி ஓட்டினவரு முள்ளப் பாப்பாரா? வாசல்ல நிக்கறப்பல்லாம் நாங்கதான் யாராவது போயி சத்தமில்லாம அணைச்சுட்டு வருவோம். வெளிய போனா யாரு அணைக்கறது?"

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வண்டிய விட்டு எறக்கிடுவீங்க. ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம்தான். அவருக்கே முழுசாத் தெரியாது மேடம். புது வண்டின்னா சத்தம் இருக்காதுன்னு நெனச்சுட்டிருக்காரு." பிறகு அவர் மீசையைத் தடவிக்கொண்டே, "ஹாரன் கேக்காதவரு ஓட்டறது ஆபத்துன்னு எங்களுக்கும் தெரியும். தப்புதான். ஆனா நீங்க பண்ணினது மாதிரி பண்ண எங்களுக்கு மனசு வரல" என்றார்.

நான் அங்கேயே நின்று போனில் அந்தப் படத்தை அழித்தேன். அழித்து என்ன பயன்? மேலாளர் பார்த்தாயிற்று. அவர் என்னைவிடக் கெட்டிக்காரர், பீப் சத்தத்தைக் கேட்டதுமே விஷயத்தைப் பிடித்துவிட்டார். மறுநாள் காலையில் நான் வரும்போது மேஜையில் காகிதம் இருந்தது. 'இவரைக் காதுப் பரிசோதனைக்கு அனுப்பவும். அறிக்கை வரும்வரை வண்டி கொடுக்க வேண்டாம்.' ஒரு விதத்தில் நியாயமான உத்தரவு. அதை அவரிடம் சொல்ல வேண்டியவள் நான்.

முந்தின ராத்திரியெல்லாம் எனக்கு அந்த ரயில் கேட் நினைவாகவே இருந்தது. கூனிக்குறுகிப் போய் உட்கார்ந்திருந்தேன். எட்டரை மணிக்குத் தொட்டிலண்ணன் வழக்கம்போல் வந்தார். ஆனால் வண்டிக் கொட்டகைப் பக்கம் போகவில்லை. நேராக என் மேஜைக்கு வந்து, போனை என் முன்னால் வைத்தார். நான் குழுவில் அழித்துவிட்டேன், அவர் போனில் அதற்கு முன்பே இறங்கியிருந்தது.

"இதப் பாரும்மா" என்று சொல்லிப் படத்தை ஓடவிட்டார்.

அவர் போனில் சத்தம் எப்போதும் முழு அளவில் இருக்கும். அதற்கும் அதுவரை எனக்குக் காரணம் தெரியாது. இஞ்சின் உறுமலும் பீப் பீப்பும் கூடம் முழுக்க அலறின. கணக்குப் பிரிவுக்காரர்கள் தலைதூக்கிப் பார்த்தார்கள். மெக்கானிக்குகள் இரண்டு பேர் வாசலில் நின்றுவிட்டார்கள். அவர் மட்டும் குனிந்து, படத்தில் தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்துலேர்ந்து பத்து தடவ பாத்துட்டேன். கண்ணாடிய நல்லாத்தானே தொடச்சிருக்கேன்? வண்டியும் நிழல்லதான் நிக்குது. அணைச்சும்தான் இருக்கேன். இதுல என்ன தப்பும்மா? பசங்கள கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்கறான். நீ சொல்லு."

நான் எழுந்து அவர் பக்கத்தில் போனேன். யார் காதிலும் விழக்கூடாது என்று மெதுவாக, "இஞ்சின் ஓடிட்டிருக்குண்ணே" என்றேன்.

"என்னம்மா?"

"இஞ்சின் ஓடுதுண்ணே அதுல."

அவர் தலையை இடப்பக்கம் சாய்த்து இன்னும் கிட்டே வந்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் வந்துவிட்டது, எனக்குத் தெரிந்த அதே சிரிப்பு. கேட்காதபோதெல்லாம் அவர் அப்படித்தான் சிரித்திருக்கிறார். நான்தான் கேலி என்று நினைத்திருக்கிறேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாரோ என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன். அவர் நகரவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா."

சொன்னேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "இஞ்சின் ஓடிட்டிருக்குண்ணே! வண்டி கத்துது! உங்களுக்குக் காது கேக்கல!"

கூடத்தில் விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் இருந்தது. எல்லோரும் சட்டென்று தங்கள் மேஜையில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், பிறகு போனை எடுத்து வலது காதில் வைத்தார், இடது காதில் வைத்தார். படம் முடிந்து மறுபடி ஓடியது. எங்களுக்கெல்லாம் கேட்டது.

"அப்போ இத்தன நாளா ஓடிட்டேவா இருந்துச்சு?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

அவர் என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து வருடத்துக்கு மேல் பழக்கம், அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வேலை போய்விடுமா என்று கேட்பார் என நினைத்தேன். என்னைத் திட்டுவார் என நினைத்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"எவ்வளவு டீசலும்மா" என்றார். "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நானே நிக்கற வண்டிக்குப் போட்டிருக்கேன் பாரு. உங்கிட்ட வேற மெஷின்தான் தப்புன்னு வாரா வாரம் சண்ட போட்டேன். தப்பா நெனச்சுக்காதம்மா." பிறகு எழுந்து, சாவிக்கருவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மஞ்சள் துணியால் ஒரு தடவை துடைத்து என் மேஜையில் வைத்தார். உத்தரவுக் காகிதத்தை நான் நீட்டவே இல்லை. "அந்த மேகத்த வேற யாருக்கும் குடுத்துடாத. அது எனக்குத்தான் சரி."

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன் நான். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"என்னம்மா?" என்று தலையைச் சாய்த்தார்.

அவர் குறையைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினவளுக்கு என் குற்றத்தை உரக்கச் சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணுமில்லண்ணே" என்று கையை ஆட்டினேன். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

அவரை வேலையிலிருந்து எடுக்கவில்லை. உதிரிபாக அறையில் போட்டார்கள். போல்ட்டையும் பெல்ட்டையும் எடுத்துக் கொடுக்கிறார், தோளில் அதே மஞ்சள் துணி. மெக்கானிக்குகள் இப்போது யார் வண்டியில் ஏறினாலும் தூக்கம் வருவதில்லை என்று குறைபட்டுக்கொள்கிறார்கள். மேகத்தை நான் கிழித்துப் போட்டுவிட்டேன், பட்டியலும் சுவரில் ஒட்டுவதில்லை. ஆனாலும் சாயங்காலம் நாலு மணிக்கு வண்டிகள் திரும்பும்போது அவர் கொட்டகை வாசலில் வந்து நிற்பார். எந்த வண்டியாவது நின்றபடி ஓடினால் போய்க் கண்ணாடியைத் தட்டுவார். போன மாதம் அவர் மகன் இரண்டு காதுக்கும் நல்ல கருவியாக வாங்கிக் கொடுத்திருக்கிறான். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு என் மேஜைக்கு வந்து, "இந்த விசிறி இவ்வளவு சத்தம் போடுமா? எண்ணெய் விடச் சொல்லும்மா" என்றார்.

சொல்ல வேண்டியது இன்னும் என் தொண்டையிலேயே இருக்கிறது. இப்போது மெதுவாகச் சொன்னாலே அவருக்குக் கேட்கும். அவர் வருவதைப் பார்த்தால் நான்தான் கம்ப்யூட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன்.